பினாங்கிலிருந்து வந்த காகிதம்

பினாங்கு துறைமுகத் தொழிலாளிகளுக்குச் சங்கம் அமைத்ததற்காக, 1948இல் சேகு மதாரை மலாயா அரசாங்கம் நாடு கடத்தியது. மனைவி ஆபிதாவும் இரண்டு வயது மகளும் அங்கேயே நின்றுவிட்டார்கள். சொந்த ஊரான கட்டுமாவடிக்கு வெறுங்கையோடு வந்தவர் கருவாட்டு வியாபாரத்தில் இறங்கினார். பத்து வருஷத்தில் திருமயம் சந்தை வரை அவர் சரக்குக்குத் தனிப் பேர் இருந்தது.

அப்போதுதான் ஆபிதாவின் அண்ணன் ஹனீபா கப்பலில் வந்து, அவர் முன்னால் மலாயா அரசாங்கம் கொடுத்தனுப்பிய ஒரு காகிதத்தை வைத்தார்.

"இதுல கையெழுத்துப் போட்டா நீங்க திரும்பி வரலாம், மச்சான்."

சேகு மதார் படித்தார். சங்கத்தை ரகசியமாக நடத்தியவர்களின் பெயர்களை எழுதித் தர வேண்டும் என்றிருந்தது. அவர்களில் மூன்று பேர் இன்னும் அதே துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஒங்க மவளுக்கு அத்தா மொகமே தெரியாது" என்றார் ஹனீபா.

"அவங்களுக்கும் புள்ளைங்க இருக்குல்ல." காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். "ஆபிதாகிட்ட நடந்ததைச் சொல்லுங்க. இங்கிட்டு வரச் சம்மதமான்னு கேளுங்க."

நான்கு மாதம் கடிதமே இல்லை. தபால்காரர் தெருவில் வந்தாலே அவர் வாசலுக்கு வந்து நின்றார். ஐந்தாம் மாதம் தந்தி வந்தது.

நாகப்பட்டினத்தில் கப்பலிலிருந்து இறங்கிய சிறுமி, தாயின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி அவரைப் பார்த்தாள்.

"இவங்களா அத்தா?"

"ஆமா" என்றாள் ஆபிதா. "பெட்டி கனமா இருக்கு. வந்து தூக்கச் சொல்லு."