மாமா விற்ற ஜப்பான் வண்டி

சுவிஸில் நாங்கள் வாழும் லாங்கன்தால் நகரில் ஒரு கடை வாசலில் நேற்று பின்பக்கம் திறந்த பெட்டியுள்ள பெரிய அமெரிக்கப் பிக்கப் வண்டி ஒன்று உறுமிக்கொண்டு நின்றது. அந்தச் சத்தம் என்னைத் தொண்ணூறுகளில் நாங்கள் இருந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு இழுத்துப் போனது.

அம்மாவின் தம்பி அமெரிக்காவில் கட்டட வேலை செய்தார். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது எங்களைப் பார்க்க வந்தவர், தன் புதுப் பிக்கப்பின் படத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். தொழிற்சாலை எண்ணெய் மணக்கும் விரல்களால் அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஜப்பான் வண்டி திறமெண்டு போன வருசம் எழுதினனீர். பிறகேன் வித்தனீர்?"

"வெளிநாட்டுப் பிக்கப்புக்கு அங்க வரி கூட, அத்தான். அமெரிக்க வண்டியெண்டால் கன பாரமும் இழுக்கும்."

"வரியை வாங்கேக்கையே கட்டியிருப்பீர். அது விக்கிறதுக்குக் காரணமோ?"

மாமா தலை குனிந்தார். அவர் ஏதோ களவு செய்துவிட்டார் என்றே நான் நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் பயந்திருக்க வேண்டும்.

"உண்மையைச் சொல்லடா," என்றார் அம்மா.

"வேலையிடத்தில ஆரோ என்ர வண்டிக் கதவில ஆணியால கீறிப்போட்டாங்கள், அக்கா. 'உன்ர நாட்டுக்குப் போ' எண்டு. இதை வாங்கின பிறகு எல்லாரும் சிரிச்சுக் கை காட்டுறாங்கள்."

அப்பாவின் குரல் தணிந்தது.

"கை காட்டுறது உமக்கோ, வண்டிக்கோ?"

மாமா படத்தை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"வண்டிக்குத்தான், அத்தான்."