பின்பக்கம் ஊறாத பேனா

தலைமுடியில் துடைத்த மைக்கென்று ஒரு நெடி உண்டு. பேனாவின் கழுத்தில் கசிந்து விரலில் ஒட்டிக்கொண்ட நீல மையை டீச்சர் பார்ப்பதற்குள் பின்னல் ஓரத்தில் தேய்த்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பின்னலை அவிழ்த்தால், தேங்காய் எண்ணெயும் மையும் கலந்து துருப்பிடித்த ஆணியை நாக்கில் வைத்த மாதிரி ஒரு வாடை அடிக்கும். "மறுவடியும் தலையிலயா தொடச்ச?" என்று அம்மா கையை ஓங்குவார். ஓங்கிய கை ஒருநாளும் முதுகில் இறங்கியதில்லை என்பதால் நானும் திருந்தவில்லை.

போன மாதம் பெரம்பலூரில் ஒரு மை பேனா வாங்கப் போனேன். ஆசையில் போகவில்லை, கட்டைவிரல் வலியால் போனேன். இருபத்து மூன்று வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். பாடம் நடத்துவதைவிட எழுதுவதுதான் இப்போது அதிகம். வருகைப் பதிவேடு, பாடக்குறிப்பு, விடைத்தாள், அந்தப் படிவம், இந்தப் படிவம், கம்ப்யூட்டரில் ஏற்றியதையே எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி நோட்டில் எழுதுவது. விரலைப் பிடித்துப் பார்த்த டாக்டர், "அழுத்தி எழுதாதீங்க டீச்சர்" என்றார். பால்பாயிண்ட் பேனா அழுத்தாமல் எழுதாது. மை பேனாவுக்கு அழுத்தமே வேண்டாம், தாளில் வைத்து இழுத்தால் போதும். சரி என்று செல்போனில் தேடினால், பேனாக்களுக்கு மூக்குத்தி விலை போட்டிருந்தார்கள். எனக்கு வேண்டியது தினமும் பையில் கிடந்து அடிபடுகிற, ஸ்டாஃப் ரூமில் யாராவது எடுத்துக்கொண்டு போனாலும் இரண்டு நாள் தூக்கம் கெடாத ஒரு பேனா. அவ்வளவுதான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் ஐந்தாறு பேனாக்களை எடுத்து வைத்தார்கள். ஒன்று கனம். ஒன்றின் மூடியைத் திருகவே ஒரு நிமிஷம் ஆயிற்று. பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது அதெல்லாம் தோதுப்படாது. கைப்பையிலிருந்து பள்ளிக்கூடத்துப் படிவத் தாள் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு பேனாவாலும் ஒரு முழு வரி எழுதி, தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கடைக்காரர் சிரித்துவிட்டார். "எல்லாரும் எழுதுன பக்கத்தப் பாப்பாங்க. நீங்க பின்னாடி பாக்குறீங்களே மேடம்" என்றார். நானும் சிரித்து வைத்தேன். அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதை அவரிடம் சொல்ல முடியாது. இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை.

நான் வளர்ந்தது லெப்பைக்குடிக்காட்டில். எங்கள் தெருவில் பாதி வீடுகளின் ஆம்பிளைகள் "சபர்" போயிருந்தார்கள். சபர் என்றால் பிரயாணம்; எங்கள் ஊரில் அதற்கு வளைகுடா நாடு என்றுதான் பொருள். என் அத்தா, அதாவது அப்பா, மஸ்கட்டில் ஒரு கடையில் வேலை பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு "அக்ரிமெண்ட்", அது முடிவதற்குள் அடுத்ததில் கையெழுத்துப் போட்டால்தான் இரண்டு மாத லீவு, பிறகு திரும்பவும் இரண்டு வருஷம். அம்மாவுக்கு அரபு எழுத்து கூட்டி ஓதத் தெரியும், தமிழ் எழுத்து தெரியாது. ஆறாம் வகுப்பிலிருந்து அம்மா சொல்லச் சொல்ல எழுதுவதும், அத்தாவிடமிருந்து வருவதைப் படித்துக் காட்டுவதும் என் வேலை.

பால்பாயிண்ட் பேனா அம்மாவுக்கு ஆகாது. "மளிகைச் சீட்டு கணக்கா இருக்கு. மனுசருக்கு எழுதுறது மனுசருக்கு எழுதுற மாதிரி இருக்கணும்" என்பார். அதனால் மை பேனாதான். தாளோ ஏர்மெயில் தாள். எடை கூடினால் ஸ்டாம்ப் கூடும் என்பதால் வெங்காயத் தோல்போல மெலிசாக இருக்கும். மெலிசான தாளுக்கு மெலிசான நிப்பு வேண்டும் என்பது, எழுதவே தெரியாத என் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

எட்டாம் வகுப்பு படிக்கும்போது என் பேனா கீழே விழுந்து நிப்பு விரிந்துபோனது. அதே வாரம் பக்கத்து வீட்டு ஜமால் மாமாவுக்கு மஸ்கட் விசா வந்தது. தபாலில் போட்டால் இருபது நாளாகும் கடிதம், போகிறவர் கையில் கொடுத்தால் மூன்றாம் நாள் சேர்ந்துவிடும். அந்தத் தடவை மூன்றாம் நாளே சேர வேண்டிய காரணம் அம்மாவிடம் இருந்தது. அத்தாவின் அக்ரிமெண்ட் முடியப் போகிறது. அடுத்ததில் கையெழுத்துப் போடுவதற்குள் ஒன்று சொல்லியாக வேண்டும். என்ன என்று என்னிடம்கூட அப்போது சொல்லவில்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் திட்டக்குடிக்குப் போய்ப் பேனா பார்த்தோம். கண்ணாடி மேசைமேல் எழுதிப் பார்ப்பதற்காக ஒரு தடித்த அட்டை கிடந்தது. வாங்க வருகிறவர்கள் அதில் எழுதுவது இரண்டே விதம்தான். ஒரு பக்கம் பிள்ளையார் சுழியாக வரும், இன்னொரு பக்கம் 786 ஆக வரும். எங்கள் ஆட்கள் புதுப் பேனாவில் முதலில் பிஸ்மில்லாவுக்குப் பதிலாக 786 தான் எழுதுவோம். எழுதிய பிறகு அதற்குக் கீழே கன்னாபின்னா என்று கிறுக்குவது மரியாதையில்லை என்பதால் அதோடு நிறுத்திவிடுவோம். மூன்று எண்களில் ஒரு பேனாவின் யோக்கியதை என்ன தெரியும்? அதுவும் அட்டையில் எழுதினால் எந்த மை ஊறும்? ஆனாலும் எங்கள் தெருவில் எல்லாப் பேனாவும் அப்படித்தான் வாங்கப்பட்டது.

கடைக்காரர் இரண்டை எடுத்துக் கொடுத்தார். ஒன்று பச்சை, மெலிந்த நிப்பு, பார்க்க ஒன்றுமில்லை. மற்றது அரக்கு நிறம், தங்க நிற மூடி, பட்டையான நிப்பு. "இது கொழுகொழுன்னு எழுதும் பாப்பா" என்றார். எழுதினேன், 786 கொழுகொழுவென்றுதான் விழுந்தது. "அந்தப் பச்சையே போதும் புள்ள, கடிதாசிக்கு அதான் சரி" என்றார் அம்மா. நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். வகுப்பில் யாரிடமும் தங்க மூடி கிடையாது. அம்மா என்னைப் பார்த்தார், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதையும் பார்த்தார். "சரி, எடுத்துக்க" என்றார்.

ஜமால் மாமா கிளம்பியது வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட்டு, சாயங்கால அசர் பாங்குக்குள் வேன் புறப்படும் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டில் கடிதம் எழுதுகிறோம் என்று தெரிந்தால் தெருவே வந்துவிடும். "எஞ்சலாத்தையும் எழுதிடு புள்ள" என்று சாச்சி வருவார், மாமி வருவார், எதிர் வீட்டுப் பெரியம்மா தன் மருமகளையும் அழைத்துக்கொண்டு வருவார். ஒருவர் பெயர் விட்டுப்போனால் அடுத்த பெருநாள் வரைக்கும் பேச்சு வார்த்தை இருக்காது. அதனால் எந்தக் கடிதமும் சலாத்தில்தான் தொடங்கும். இன்னார் சலாம் சொன்னார்கள், இன்னாருக்கு முட்டிவலி தேவலை, இன்னார் வீட்டு ஆடு இரண்டு குட்டி போட்டது. என் பட்டை நிப்பில் முன்பக்கம் முழுக்க அதற்கே சரியாகப் போனது. வந்தவர்கள் எழுத்தைப் பார்த்து "முத்து முத்தா இருக்கு" என்றார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அவர்கள் எல்லாரும் போகும்வரை அம்மா வாயைத் திறக்கவில்லை. போன பிறகு கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இந்தத் தடவ கையெழுத்துப் போட வேணாம்னு எழுது. இருக்கறது போதும். வந்து இங்கயே ஒரு சின்னக் கடை வச்சாலும் பொழைச்சுக்கலாம். பெரிய வூடு எனக்கு வேணாம். தனியா என்னால முடியல, வந்துடுங்கன்னு எழுது." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். அம்மா அப்படிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

தாளைத் திருப்பினேன். முன்பக்கத்துச் சலாமெல்லாம் பின்பக்கத்தில் ஊறிக் கிடந்தன. அதன்மேலேயே எழுதினேன். மை குறையக் குறையக் கைச்சூட்டில் பேனா "கக்கும்" என்பது மை பேனாவில் எழுதியவர்களுக்குத் தெரியும். இரண்டு வரி போவதற்குள் என் தங்க மூடிப் பேனா கக்கியது. சாக்பீஸை வைத்து ஒற்றினேன், இன்னும் பரவியது. பதற்றத்தில் மேலும் எழுதினேன். "வந்துடுங்க" என்று எழுதிய இடத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்கு நீலம் நின்றது. வேறு தாள் வீட்டில் இல்லை. வெளியே வேன் ஹாரன் அடித்தது. "எழுதிட்டியா? எல்லாம் எழுதிட்டியா?" என்று அம்மா கேட்டார். பச்சைப் பேனா வாங்கியிருக்கலாமே என்று அவர் சொல்லிவிடுவாரோ என்ற ஒரே பயம்தான் எனக்கு. "எழுதிட்டம்மா" என்று சொல்லி, ஈரத்தோடு மடித்துக் கொடுத்துவிட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து அத்தாவிடமிருந்து பதில் வந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். அத்தா எழுதியிருந்தார்: எல்லாருடைய சலாமும் கிடைத்தது. பின்பக்கம் மை ஊறிப்போய் ஒரு எழுத்தும் தெரியவில்லை, கண்ணாடி போட்டுப் பார்த்தும் புரியவில்லை. முக்கியமாக ஏதும் இருந்தால் அம்மாவிடம் கேட்டு மறுபடி எழுது. வீட்டுக்கு மாடி எடுக்க வேண்டும் என்பதால் அக்ரிமெண்டில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

சலாமைப் படித்தேன். மாடியைப் படித்தேன், கையெழுத்தைப் படித்தேன். நடுவில் இருந்த மூன்று வரியைப் படிக்கவில்லை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

"நான் சொன்னதுக்கு ஒண்ணுமே எழுதலியா?"

"இல்லம்மா. கையெழுத்துப் போட்டாச்சுன்னு மட்டும் எழுதியிருக்காரு."

அம்மா எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தார். அதற்குப் பிறகு அம்மாவின் கடிதங்கள் முன்பக்கத்தோடு முடிந்தன. அத்தா லீவில் வந்தபோதும் அம்மா அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் நானாகவே அந்த அரக்குப் பேனாவைத் தூக்கி எறிந்துவிட்டு மெலிந்த நிப்புப் பேனா ஒன்று வாங்கிவிட்டேன். அதில் பின்பக்கம் சுத்தமாக இருந்தது, எழுதத்தான் ஒன்றும் இல்லை. எத்தனையோ தடவை, அடியில் என் பங்குக்கு இரண்டு வரி சேர்த்து உண்மையை எழுதிவிடலாம் என்று நினைத்தேன். நாளாக ஆகச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது.

அத்தா ஒரேயடியாக ஊர் திரும்பியபோது எனக்கு இரண்டு குழந்தைகள் பிறந்திருந்தன. மாடி எடுத்த வீட்டில் அவர் மேலேயும் அம்மா கீழேயும் இருந்தார்கள். சண்டை ஒன்றும் கிடையாது. சோறு நேரத்துக்குப் போகும், மாத்திரை நேரத்துக்குப் போகும். "ஒங்கம்மா ஏன் இப்புடி ஆயிட்டா?" என்று அத்தா ஒருநாள் என்னைக் கேட்டார். வயசானால் அப்படித்தான் அத்தா என்று சொன்னேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் மவுத்தாகி அடக்கமானார். அம்மா இப்போது என்னோடு பெரம்பலூரில் இருக்கிறார்.

இப்போது கடிதமும் இல்லை, அதைக் கையில் வாங்கிக்கொண்டு போகிறவரும் இல்லை. துபாயில் இருக்கும் என் மகன் தினமும் செல்போனில் முகம் காட்டுகிறான். யாருடைய சலாமையும் யாரும் சொல்லி அனுப்புவதில்லை, அவரவரே எட்டிப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போகிறார்கள். ஏர்மெயில் தாளை என் மாணவிகளிடம் சொன்னால் புரியாது. ஒரு வார்த்தை போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று ஒன்றரை மாதம் காத்திருந்த காலம் போய்விட்டது. போனதில் எனக்கு வருத்தமில்லை, இத்தனை வருஷம் ஒன்றை மறைத்து வைத்திருந்த அலுப்புதான் மிச்சம்.

கடையிலிருந்து ஒரு சாதாரணக் கறுப்புப் பேனா வாங்கி வந்தேன். விலை குறைவு, மெலிந்த நிப்பு, பின்பக்கம் ஊறவில்லை. சாப்பாட்டு மேசையில் மை நிரப்பிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து எதிரில் உட்கார்ந்தார். "இந்த வயசுல எதுக்கு மை பேனா?" என்றார். கைவலி என்று சொல்ல வாயெடுத்தேன். அது பொய்யில்லை, ஆனால் அன்றைக்கு எனக்கு மிச்சத்தை மறைக்கத் தெம்பில்லை. தங்க மூடியிலிருந்து, படிக்காமல் விட்ட மூன்று வரி வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப, நான் வாங்கன்னு கூப்புட்டது அவருக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாதும்மா."

அம்மா முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, என்னிடம் சொல்வதுபோலவும் இல்லாமல் சொன்னார்:

"கூப்புட்டும் வராத மனுசன்னு நெனச்சுல்ல, கடைசி வரைக்கும் அவருக்கு ஒரு வா டீத்தண்ணியக்கூட சிரிச்ச மொகத்தோட குடுக்காம இருந்துட்டேன்."