டிராலி தள்ளுகிறவர் கையில் ஸ்மார்ட் வாட்ச்

ஸ்மார்ட் வாட்ச் விற்கிற கடையில் நின்றால், மணி என்ன என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நம்மிடம் கேட்பார்கள். தூங்கினது எவ்வளவு, நெஞ்சு துடிக்கிறது எவ்வளவு, பக்கெட்டில் விழுந்தால் என்ன ஆகும், வீட்டிலிருந்து போன் வந்தால் தெரியாத மாதிரி இருந்துகொள்ள முடியுமா என்று. ஆம்பூர் பஜாரில் அன்வர் பாய் கடையில் இரண்டு வருஷமாக இந்தக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். எனக்குக் குரல் கம்மி, அதனால் வாடிக்கையாளர்கள் கொஞ்சம் குனிந்துதான் கேட்பார்கள். கையில் இதைக் கட்டிக்கொண்டு, இது சொல்வதை நம்புவதா வேண்டாமா என்று ஒருமுறையாவது முழித்த எல்லோருக்கும் சொல்கிறேன். நீங்களும் நானும் ஒரே கட்சி.

பதினைந்து நாள் பரீட்சை

ஏழுமலை அண்ணன் ஊருக்கு வெளியே ஒரு தோல் கம்பெனியில் டிராலி தள்ளுகிறவர். தோல் பதம் பண்ணுகிற டிரம்மிலிருந்து இறக்கும் ஈரத்தோலைக் காயவைக்கிற ஷெட்டுக்குக் கொண்டுபோவார். காய்ந்ததை அங்கிருந்து பாலிஷ் போடுகிற இடத்துக்குக் கொண்டுபோவார். ஐம்பத்திரண்டு வயது. நெஞ்சுவலி வந்து, வேலூருக்குப் போய் ஸ்டென்ட் வைத்து, மூன்று மாதம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தார். ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் வாரம் ஒருமுறை வருகிற கம்பெனி டாக்டர் ஒரு கண்டிஷன் போட்டுவிட்டார். பதினைந்து நாள் பாதி லோடு மட்டும் தள்ளட்டும். தினமும் எத்தனை ஸ்டெப் நடந்தார், துடிப்பு நூற்றிருபதைத் தாண்டியதா இல்லையா என்று ஒரு ஸ்மார்ட் வாட்ச் கட்டி வந்து காட்டட்டும். சரியாக இருந்தால் டிராலி, இல்லையென்றால் கேட்டில் நாற்காலி.

கேட்டில் நாற்காலி என்றால் வசதிதானே என்று நானும் நினைத்தேன். கேட்டில் உட்காருகிறவர் வருகிற லாரி நம்பரை எழுத வேண்டும், அண்ணனுக்கு எழுத்து அவ்வளவாக வராது. அவருக்கு முன்னால் அந்த நாற்காலிக்குப் போன இரண்டு பேரும் ஒரு வருஷத்துக்குள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதனால் அவர் வாட்ச்சைத் தேர்ந்தெடுத்த விதமே வேறு. கலர் கேட்கவில்லை, போட்டோ தெரியுமா என்று கேட்கவில்லை. பொய் சொல்லாத வாட்ச்சாக ஒன்று கொடு என்றார். எல்லாம் ஒன்றுதான் அண்ணா, கேட் வேலையும் அவ்வளவு மோசமில்லையே என்று நான் சொன்னபோது, வாட்ச்சைக் கட்டிக்கொண்டே சொன்னார்:

"மோசம்னு சொல்லலை தம்பி. எனக்கு உக்காரத் தெரியாது. தள்ளத்தான் தெரியும்."

உட்கார்ந்தபடி ஒன்பதாயிரம்

அதே வாரம் செல்வி அக்கா ஒரு வாட்ச்சைத் திருப்பிக் கொடுக்க வந்தார். ஷூ கம்பெனியில் வேலை. பையன் ஸ்கூலிலிருந்து போன் வந்தால் கையில் தெரிய வேண்டும் என்று வாங்கியது. ஆனால் அவர்கள் கம்பெனியில் போனைக் கேட்டிலேயே வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். வாட்ச் உள்ளே, போன் வெளியே, நடுவில் நாலு சுவர். முப்பது அடி தாண்டினால் இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்பதை நான் விற்கும்போது சொல்லியிருக்க வேண்டும். சொன்னேன். கொஞ்சம் மெதுவாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

சரி, மற்றதுக்காவது வைத்துக்கொள்ளுங்கள் அக்கா, தினமும் நடக்கிறதைக் கணக்குப் போடும் என்றேன். அதுதான் பெரிய தொல்லை என்றார். அக்காவுக்கு, ஷூவுக்கான தோலின் ஓரத்தை மடித்துச் சின்னச் சுத்தியலால் தட்டுகிற வேலை. காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டு மணிக்குத்தான் எழுந்திருப்பார். ஒவ்வொரு தட்டையும் ஒரு ஸ்டெப் என்று எண்ணி, சாயங்காலம் ஒன்பதாயிரம் காட்டியிருக்கிறது வாட்ச். உடம்புக்கு நல்லதுதானே என்று சும்மா சொல்லிப் பார்த்தேன்.

"இன்னா நல்லது? எங்க சூப்பர்வைசர் இதைப் பாத்தார்னா, வேலை நேரத்துல நீ எங்கெங்க சுத்திட்டு வர்றேன்னு கேப்பார்."

முன்னூற்றுப் பத்து

ஏழாவது நாள் ஏழுமலை அண்ணன் வந்தார். கோபமாக வரவில்லை. கோபமாக வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வாட்ச்சைக் கழற்றிக் கண்ணாடி மேல் வைத்து, பார்க்கச் சொன்னார். ஒரு நாளுக்கு முன்னூற்றுப் பத்து ஸ்டெப். இன்னொரு நாள் இருநூற்று எண்பது. காலை எட்டிலிருந்து டிராலி தள்ளியவர். நடுவில் வாட்ச் அதிர்ந்து இங்கிலீஷில் ஏதோ காட்டியிருக்கிறது. பக்கத்து ஆளிடம் படிக்கச் சொன்னாராம். நெடுநேரமாக உட்கார்ந்தே இருக்கிறீர்கள், எழுந்து கொஞ்சம் நடங்கள் என்று அவன் சத்தமாகப் படிக்க, ஷெட்டே சிரித்திருக்கிறது. டாக்டர் சிரிக்கவில்லை. இவ்வளவுதான் நடந்தீர்கள் என்றால் உங்களுக்குப் பதிலாக வேறு யாரோ தள்ளுகிறார்கள், பாவம் பார்த்துச் செய்கிறார்களா என்று கேட்டிருக்கிறார். இன்னும் எட்டு நாள் இருக்கிறது, பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

எனக்கு விஷயம் புரிந்தது. கை முன்னும் பின்னும் வீசுவதை வைத்துத்தான் வாட்ச் நடையை எண்ணுகிறது. கையை நன்றாக வீசி நடந்தால் சரியாகக் காட்டும் அண்ணா என்று சொன்னேன். சொல்லி முடிக்கும்போதே தப்பு என்று தெரிந்தது. அவர் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, இல்லாத டிராலியின் கம்பியைப் பிடித்துக் காட்டினார்.

"எந்தக் கையை வீசறது? நீயே சொல்லு."

ஆட்டின் நாடி

இதற்கிடையில் தோல் சாம்பிள் எடுத்துப் போகிற ஏஜென்ட் ஒருவர் வாட்ச் பார்க்க வந்தார். அக்குளில் சுருட்டிய ஆட்டுத்தோல் ஒன்று. இதயத் துடிப்பு கரெக்டாகக் காட்டும் என்று அன்வர் பாய் அடித்துச் சொன்னார். ஏஜென்ட் வாட்ச்சை வாங்கித் தன் கையில் கட்டாமல், அந்தத் தோல் சுருளைச் சுற்றிக் கட்டினார். பச்சை வெளிச்சம் மினுக்கியது. நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். எழுபத்தெட்டு.

அன்வர் பாய் தொண்டையைச் செருமிக்கொண்டு, மேல்பக்கம் வெளிச்சம் பட்டால் சில நேரம் அப்படித்தான் என்றார். ஏஜென்ட் நிதானமாக வாட்ச்சை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, சுருளை மறுபடி அக்குளில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

"இதைப் பதம் பண்ணி மூணு மாசம் ஆவுது பாய். உங்க வாட்ச்சுக்கு இன்னும் நியூஸ் வரலை."

கொய்யாப்பழ வண்டி

எனக்கு அன்று பூராவும் மனசு சரியில்லை. ஆட்டுத்தோலுக்குத் துடிப்பு காட்டுகிற சாமானை வைத்துத்தான் ஒரு மனுஷன் டிராலியா நாற்காலியா என்று முடிவாகப் போகிறது. சாயங்காலம் ஏழுமலை அண்ணன் வந்தபோது உட்கார வைத்து, மணிக்கட்டில் விரல் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ணினேன். எனக்கு எழுபத்து நாலு, வாட்ச்சுக்கு எழுபத்தாறு. ஆட்டிடம் பொய் சொன்னாலும் ஆளிடம் கிட்டத்தட்ட உண்மையைத்தான் சொல்கிறது. ஆக, துடிப்பில் பிரச்சனை இல்லை. நடைதான்.

மறுநாள் வியாபாரம் இல்லாத நேரத்தில், கடைக்கு எதிரில் கொய்யாப்பழம் விற்கிறவரிடம் வண்டியைக் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கினேன். கையில் ஒரு வாட்ச், கணுக்காலில் ஒரு வாட்ச். காலுக்கு வார் எட்டாமல், நூல் போட்டுக் கட்டினேன். பஜாரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்த் திரும்பினேன். வழியில் இரண்டு பேர் விலை கேட்டார்கள். கையில் இருபத்திரண்டு ஸ்டெப். காலில் எழுநூற்றுச் சொச்சம். சந்தோஷத்தில் வண்டியை அவரிடம் ஒப்படைத்தபோது, ரகசியம் பேசுகிற மாதிரி என் காதருகே குனிந்து கேட்டார்:

"இன்னாப்பா, தள்ளிப் பழகுறியா? வாட்ச் வியாபாரம் அவ்ளோ டல்லா?"

கிள்ளினால் போதும்

வாட்ச்சைக் குறை சொல்லிக்கொண்டே போவது நியாயமில்லை. ஜலீல் பாய்க்கு டிரம் பிரிவில் வேலை. டிரம் சுற்றுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் கத்தினாலும் கேட்காது. அரை மணிக்கொருதரம் டிரம்முக்குள் மருந்து சேர்க்க வேண்டும். மறந்தால் அந்த லோடு தோல் கெட்டுப்போகும். கையுறை ஈரமாக இருப்பதால் போனையும் தொட முடியாது. அவருக்கு அரை மணிக்கொருதரம் அதிர்கிற மாதிரி டைமர் வைத்துக் கொடுத்தேன். நேரத்துக்குக் கையைக் கிள்ளிவிடுகிறது, ஒரு மாதமாக ஒரு தடவைகூடத் தப்பவில்லை என்று, தேடி வந்து டீ வாங்கிக் கொடுத்தார். நான் பெருமையாக அதில் உள்ள இன்னும் இருபது வசதிகளைக் காட்ட ஆரம்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அதெல்லாம் இருக்கட்டும். எங்க ஆளுங்க நாலு பேர் கேக்கறாங்க. கிள்றது மட்டும் இருக்கிற வாட்ச் கம்மி ரேட்டுல இருக்குதா?"

காலுக்கு ஒன்று

காலில் கட்டுங்கள் என்று சொன்னபோது ஏழுமலை அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கொய்யாப்பழக் கணக்கைச் சொன்ன பிறகு யோசித்தார். வார் எட்டாதே என்றேன். அதை என்னிடம் விடு என்று போனவர், மறுநாள் காலை கழிவுத்தோலில் ஒரு வார் கொண்டுவந்தார். இரட்டைத் தையல், ஓரத்துக்குச் சாயம், ஆறு ஓட்டை. எங்கள் கடையில் பெட்டியோடு வருகிற எந்த வாரும் அதன் பக்கத்தில் நிற்காது. வாரை வாட்ச்சோடு சேர்க்கிற ஊசியை மட்டும் நான் மாட்டிக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் பதினோராயிரம் ஸ்டெப்.

ஆனால் துடிப்பு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கோடு. கணுக்காலில் எலும்பும் தடித்த தோலும், பச்சை வெளிச்சத்துக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கையில் கட்டினால் நெஞ்சு தெரிகிறது, நடை தெரியவில்லை. காலில் கட்டினால் நடை தெரிகிறது, நெஞ்சு தெரியவில்லை. டாக்டர் கேட்டதோ இரண்டும். மீதி மூன்று நாள். நாங்கள் இரண்டு பேரும் அந்த இரண்டு கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். கல்லாவிலிருந்து அன்வர் பாய் எழுந்து வந்தார், விஷயத்தை முழுக்கக் கேட்டார், ரொம்ப அக்கறையாக ஒரு வழி சொன்னார்:

"அப்போ இன்னொண்ணு எடுத்துக்கச் சொல்லு. கைக்கு ஒண்ணு, காலுக்கு ஒண்ணு."

பதினைந்தாவது நாள்

அண்ணன் இன்னொன்று எடுக்கவில்லை. காலிலேயே கட்டிக்கொண்டு போனார். கைக் கணக்கை நம்பி ஏற்கெனவே ஒருதரம் அசிங்கப்பட்டாயிற்று, இது போதும் என்றார். அன்று மத்தியானம் ஸ்க்ரீன் கார்டு ஒட்டும்போது இரண்டு தடவை கோணலாக ஒட்டினேன்.

ஆறு மணிக்கு வந்தார். நடந்ததை நிதானமாகத்தான் சொன்னார். டாக்டர் ஸ்டெப் கணக்கைப் பார்த்திருக்கிறார், சரி. துடிப்பு எங்கே என்று கேட்டிருக்கிறார், இரண்டு கோடு. இது இல்லாமல் நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று பேனாவை மூடிவிட்டார். அண்ணன் வேறு ஒன்றும் கேட்கவில்லை. நான் தள்ளுகிறேன், நீங்கள் கூடவே வந்து கையைப் பிடித்துப் பாருங்கள் என்றிருக்கிறார். டாக்டர் சின்ன வயசுக்காரர், ரோஷம் வந்து எழுந்துவிட்டார். டிரம்மிலிருந்து ஷெட்டுக்கு, ஷெட்டிலிருந்து பாலிஷ் பிரிவுக்கு, மறுபடி டிரம்முக்கு என்று மூன்று நடை கூடவே போய், ஒவ்வொரு நடை முடிவிலும் நின்று அண்ணன் மணிக்கட்டைப் பிடித்து எண்ணியிருக்கிறார். நூற்று நாலு. நூற்று எட்டு. மொத்த ஷெட்டும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்ததாம். கடைசியில், அங்கேயே டிராலியில் இருந்த தோல் மேல் பேப்பரை வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். மறுநாளிலிருந்து டிராலி, கொஞ்ச நாளைக்குப் பாதி லோடு.

மூன்றாவது நடை எவ்வளவு காட்டியது என்று கேட்டேன். அண்ணன் முதல்முறையாகச் சிரித்தார்.

"மூணாவது நடையில டாக்டர் கையில கட்டியிருந்த அவர் வாட்ச்சு, அவருக்குத் துடிப்பு ஜாஸ்தின்னு கத்த ஆரம்பிச்சிடுச்சு தம்பி. நீங்க உக்காருங்க சார், நான் போய்ட்டு வந்துட்றேன்னேன்."

இந்தத் தொழிலில் நான் இதுவரைக்கும் தெரிந்துகொண்டது, ஸ்மார்ட் வாட்ச் எல்லாவற்றையும் சரியாகக் கணக்கெடுக்கும், கூடவே யாராவது ஒருவர் நடந்து வந்து சரிபார்த்தால்.