முன் இருக்கை

எங்கள் காரில் முன் இருக்கை மாமாவுடையது. அப்பா ஓட்டுவார், மாமா பக்கத்தில் இருப்பார், நானும் அம்மாவும் பின்னால். அம்மாவின் தம்பியான மாமா எங்களோடுதான் இருந்தார். கார் ஓட்டும் சோதனையில் திரும்பத் திரும்பக் கோட்டை விட்டவர் என்பதால் அவருக்கு லைசென்ஸ் இல்லை. ஆனாலும் அப்பாவுக்கு வழி முழுக்க அவர்தான் ஓட்டக் கற்றுக்கொடுப்பார்.

இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை. மெல்பேர்ணின் தென்கிழக்கில், கார் செய்யும் தொழிற்சாலையில் அப்பா கதவுகளைப் பொருத்தினார், மாமா இருக்கைகளைப் பொருத்தினார். நாங்கள் ஓடிய பழைய காரும் அங்கே செய்ததுதான். யாராவது கதவை ஓங்கிச் சாத்தினால் அப்பாவின் முகம் சுருங்கும்.

நான் ஆரம்பப் பள்ளியில் படித்த நாட்களில், ஒரு செப்டம்பர் விடுமுறையில் அங்கே வேலைநிறுத்தம் வந்தது. வெளிநாட்டுக் கார்கள் மலிவாக வந்து இறங்குகின்றன, இங்கே செய்வது கட்டுப்படியாகவில்லை, ஆட்களைக் குறைக்கவேண்டும் என்றது கம்பனி. யூனியன் வேலையை நிறுத்திவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தது. அப்பா யூனியன் ஆள். மாமாவோ தற்காலிக வேலையாள். விசாவும் இன்னும் முடிவாகவில்லை. உள்ளே வராத தற்காலிகக்காரர்கள் பிறகு வரவே தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

முடிவை எங்கள் குசினியில், ரோல்ஸுக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த அம்மாதான் எடுத்தார்.

"ஒராள் வெளியில நில்லுங்கோ, ஒராள் உள்ளுக்குப் போங்கோ. ஆர் வெண்டாலும் இந்த வீட்டில ஒரு வேலை மிஞ்சும்."

"என்ர முகத்தை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?" என்றார் அப்பா.

"உங்கட முகம் வெளியிலதானே நிக்கப்போகுது? வடிவா வைச்சிருங்கோ. இவன்ர முகத்தைத்தான் ஒளிக்கவேணும்."

மாமா சிரித்தார். "ஒளிக்கிறது எனக்குப் பழகினதுதானே, அக்கா."

அப்பா எழுந்து வெளியே போய்க் காரைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அம்மா விடியவே முதியோர் இல்லம் ஒன்றுக்குத் துப்புரவு வேலைக்குப் போய்விடுவார். என்னைப் பார்க்க ஆளில்லாததால் நானும் அப்பாவோடு போனேன். முதல் நாள் மாமா பின் இருக்கையில் படுத்துப் போர்வையால் மூடிக்கொண்டார். "நீ முன்னுக்கு ஏறு பிள்ளை," என்றார். எனக்குப் பதவி உயர்வு கிடைத்ததுபோல் இருந்தது. தொழிற்சாலையின் பின்பக்கத் தெருவில் அவர் சத்தமில்லாமல் இறங்கினார்.

"அங்க என்னைக் கண்டால் மாமா எண்டு கூப்பிடக்கூடாது. இது ஒரு விளையாட்டு, சரியோ?"

"ஓம்," என்றேன். விளையாட்டில் நான் ஏமாற்றுவதில்லை.

முன்வாசலில் பழைய எண்ணெய் டிரம்மில் கட்டைகள் எரியும். மடக்குக் கதிரைகளில் உட்கார்ந்து ஆட்கள் குளிர்காய்வார்கள். அப்பா அதிகம் பேசமாட்டார். அவர் பக்கத்தில் வேலை செய்யும் துருக்கிக்காரர் இருவருக்குமாகச் சேர்த்துப் பேசுவார். அம்மா பொரித்துத் தந்துவிடும் ரோல்ஸ் கூட்டத்தில் பிரபலமாகிவிட்டது. அது வரும் பையையும் எல்லாரும் அறிவார்கள். பழைய குசினித் திரையில் அம்மா தைத்த பை, மஞ்சளில் சிவப்புச் செர்ரிப் பழங்கள். துணி மிஞ்சியதால் மாமாவுக்கும் ஒன்று தைத்திருந்தார்.

சில நாட்களில் யூனியன் பின்வாசலையும் அடைத்துவிட்டது. அன்று உள்ளே போகிறவர்களைப் பொலிஸ் வரிசையாக முன்வாசலால் நடத்திக்கொண்டு வந்தது. தொலைக்காட்சிக்காரர்கள் கமராவோடு நின்றதால், யாரும் திட்டக்கூடாது, வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டினால் போதும் என்று யூனியன்காரர்கள் ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

எல்லாரும் திரும்பினார்கள். அப்பாவும் திரும்பினார், என்னையும் திருப்பினார். நான் அவருடைய கைக்குக் கீழால் பார்த்தேன். மாமா தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தார். முகம் தெரியவில்லை. ஆனால் கையில் செர்ரிப் பழப் பை ஆடிக்கொண்டு வந்தது. அதை ஒளிக்கவேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

துருக்கிக்காரர் முதுகைத் திருப்பப் பிந்திவிட்டார். அவர் அந்தப் பையைப் பார்த்தார். பிறகு அப்பாவின் கதிரையில் தொங்கிய பையைப் பார்த்தார். அந்தக் குளிரில் தன் ஜாக்கெட்டைக் கழற்றி அந்தக் கதிரைமேல் போட்டு மூடினார். வெறும் சட்டையோடு அப்பாவின் தோளுக்குப் பக்கத்தில் வந்து, முதுகைக் காட்டி நின்றார்.

ரோல்ஸைத் தனக்கென்று பதுக்குகிறார் என்று நான் நினைத்தேன். வரிசை உள்ளே போனதும் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை.

"உன் மனைவிக்குச் சொல்லு," என்றார் அவர் அப்பாவிடம், தன் உடைந்த ஆங்கிலத்தில். "இன்னும் கொஞ்சம் உறைப்புப் போடலாம்."

அப்பா தலையாட்டினார்.

வேலைநிறுத்தம் முடிந்தபோது தாங்கள்தான் வென்றோம் என்று இரண்டு பக்கமும் சொன்னது. அம்மாவின் கணக்கைவிட ஒன்று கூடுதலாக, எங்கள் வீட்டில் இரண்டு வேலையும் மிஞ்சின. ஆனால் உள்ளே போனவர்களோடு தொழிற்சாலையில் யாரும் பேசுவதில்லை என்று ஆகிவிட்டது. அப்பாவும் பேசவில்லை. வீட்டில் மட்டும் ஒரே சட்டியில் கறி எடுத்துச் சாப்பிட்டார்கள்.

"இண்டைக்கு லைன் ஏன் நிண்டது, அத்தான்?" என்று ஒருநாள் மாமா கேட்டார். "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல."

கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து வரும் அந்த லைனில், கதவும் இருக்கையும் பொருத்தும் இடங்களுக்கு நடுவில் ஒரு மஞ்சள் கோடுதான் இருந்ததாம். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "மோட்டர் பிழைச்சுப்போச்சு," என்றார் கடைசியில்.

அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை. மலிவுக் கார்கள் வென்றுவிட்டன. அப்பாவும் மாமாவும் ஒரே நாளில் வெளியே வந்தார்கள். அந்த வழியால் வேலைக்குப் போகும்போது இப்போதெல்லாம் நான் திரும்பிப் பார்ப்பதுமில்லை. ஆனால் வேலைநிறுத்தம் முடிந்த வார இறுதி நினைவுக்கு வரும்.

அன்று த பேசின் என்ற இடத்திலுள்ள பிள்ளையார் கோயிலுக்குப் புறப்பட்டோம். நான் பழையபடி பின்னால் ஏறப்போனேன். அங்கே அம்மாவுக்குப் பக்கத்தில் மாமா ஏற்கெனவே இருந்தார்.

"முன்னுக்கு வாங்கோ மாமா. விளையாட்டு முடிஞ்சுதே."

"நீயே இரு பிள்ளை. எனக்கு இதுதான் சுகம்."

இரண்டாம் தடவை சொல்லவேண்டியிருக்கவில்லை. நான் ஏறிக்கொண்டேன். அப்பா காரை எடுக்கமுன் கையை உயர்த்தி, பின்னால் பார்க்கும் கண்ணாடியை மேலே திருப்பிவிட்டார். எட்டிப் பார்த்தேன், அதில் மாமாவின் முகம் போய்க் காரின் கூரை மட்டும்தான் தெரிந்தது. பின்னால் வரும் வாகனம் தெரியாமல் இவர் எப்படி ஓட்டப்போகிறார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன்.