பொன்னுலிங்கத்தின் மூக்கு

காப்பியை வாயில் வைப்பதற்கு முன் பொன்னுலிங்கம் மோந்து பார்ப்பார். குவளையை ஒருமுறை சுழற்றி, இன்னொரு தடவையும் மோந்து பார்ப்பார். இருபது வருஷமாக ஆஸ்பத்திரிக் கழிவுத் தொட்டியைக் காத்துவருகிற மூக்கு; வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருக்குமா?

தொட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கிடந்து அழுக்கைத் தின்கின்றன என்று என்றோ ஒரு கம்பவுண்டர் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவை இவருக்குப் பிள்ளைகள். "அதுவளுக்கும் வயிறு உண்டும் மக்கா. அளவாக் குடுத்தா விஷத்தையும் தின்னுரும். கூடிப் போச்சுன்னா செத்துப் போவும்."

அந்த அளவைக் கண்டுபிடிக்கத்தான் தொட்டிக்கரையில் ஆறு மண்சட்டிகள். எல்லாவற்றிலும் தொட்டித் தண்ணீர்தான்; பினாயில் மட்டும் முதல் சட்டியில் அரைக் கரண்டி, அடுத்ததில் ஒன்று என்று ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு சட்டியின் கழுத்திலும் கட்டிய நூலில் நாளுக்கொரு முடிச்சு. அரைக் கரண்டியின் வாடை நாலு முடிச்சில் போய்விட்டது. ஒரு கரண்டிக்கு ஒன்பது. இரண்டு கரண்டிச் சட்டி நாற்பது முடிச்சாகியும் நாறியது. சட்டிக் கணக்கைத் தொட்டிக்குப் பெருக்கி, "வாரத்துக்கு ஒரு போத்தல். அதுக்கு மேல தாங்காது" என்பார்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் வந்த புது டாக்டருக்குப் பினாயில் மணந்தால்தான் சுத்தம். தினம் ஒரு டின் தொட்டியில் ஊற்றச் சொன்னார். பொன்னுலிங்கம் சட்டிகளைத் தூக்கிப் போய் மேஜைமுன் வரிசையாக வைத்து, ஊதுகிற சங்கை ஊதிப் பார்த்தார்.

"ஓய், சட்டியப் பாத்தா நான் டாக்டருக்குப் படிச்சேன்? ஊத்த முடியாதுன்னா சொல்லும், வேற ஆளு வச்சுக்கிடலாம்."

இந்த வயசில் வேறு வேலை யார் தருவார்? ஊற்றினார். இருபதாம் நாள் தொட்டியில் குமிழி எழுவது நின்றது; உள்ளே கிடந்த உயிர்கள் செத்துவிட்டன. மேலே கட்டியிருந்த ஏடு உடைந்து, அழுக்கும் பினாயிலும் அப்படியே வாய்க்காலில் இறங்கின. அந்த வாய்க்கால் விழுகிற குளத்தின் கரையில் தோண்டிய ஊற்றில்தான் அவர் மனைவி பூங்கனி குடிதண்ணீர் கோரி எடுக்கிறாள். பக்கத்தில் கிணறு கிடையாது. "கொன்னது நாந்தான். எங் கையாலதான் ஊத்துனேன்" என்று கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பார்க்கச் சகிக்கவில்லை.

நேற்றுக் காலையும் டின்னைக் காலியாக்கிவிட்டு வந்தார். பூங்கனி இறக்கிவைத்த குடத்தை மோந்தார். முற்றத்தில் கவிழ்த்தார்.

"இனி எங்க போயிக் கோர? நீங்களே சொல்லுங்க."

அவள் அதே ஊற்றுக்குப் போய் மறுகுடம் கொண்டுவந்தாள்.

பொன்னுலிங்கம் ஒரு செம்பு மொண்டார். இடது கையால் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு குடித்தார்.