போகாத பண்ணைக்கு ஒரு கட்டுரை

சுற்றுலாவுக்கு முதல்நாளே சுற்றுலாக் கட்டுரையை எழுதுவித்துவிடுவது அந்தக் காலத்தில் எங்கள் பள்ளிக்கூடத்து வழக்கம். இப்போது படிப்பிக்க வந்திருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். போய்வந்து தாங்களாக எழுதினால் பிள்ளைகள் பிழை விடுவார்களாம். பள்ளி அதிபரின் அரிய கண்டுபிடிப்பு அது. நான் சொல்லச் சொல்ல ஏழாம் வகுப்பு எழுதியது: "பண்ணையில் பயிர்களைக் கண்டு களித்தோம். மாலையில் மனமின்றித் திரும்பினோம்."

மறுநாள் மருதனார்மடத்திலிருந்து, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருந்த விவசாயப் பண்ணைக்குப் பிள்ளைகளும் அதிபரும் நானும் சைக்கிளில் புறப்பட்டோம். சண்டையால் பெற்றோல் இல்லாத காலம். பண்ணைக்கு அரை மைல் இருக்கையில் குண்டுபோடும் பொம்பரின் சத்தம் கேட்டது. பக்கத்தில் இறங்கிப் பதுங்கப் பங்கர் ஒன்றும் இல்லை. சைக்கிள்களை வேலியோரம் போட்டுவிட்டு, அங்கிருந்த ஒரு மண்டபத்துக்குள் பிள்ளைகளைத் தள்ளினேன்.

உள்ளே ஓர் இளைஞர் தன் ஓவியங்களைக் கண்காட்சிக்கு வைத்திருந்தார். நல்ல கடதாசிக்கு வழியில்லாமல் கோதுமை மாச் சாக்குகளில் வரைந்தவை. ஒன்றில், பங்கருக்குள் குந்தியிருந்தாள் ஒரு பெண். முகம் வெறும் கறுப்பு. கையில் அகப்பை.

அதிபர் அதன் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"உதென்ன கோதாரி? மூக்குமில்லை, வாயுமில்லை. எங்கடை மூண்டாம் வகுப்புப் பிள்ளையள் இதைவிட வடிவாய்க் கீறுங்கள்."

வெளியே குண்டு விழுகிறது, மனுசன் மூக்கைத் தேடுகிறார். நானும் பல்லை இளித்தேன். என் நியமனம் நிரந்தரமாவதற்கு அவர்தான் சிபாரிசு எழுதவேண்டும். வெட்கக்கேடு, வேறென்ன.

யசோ என்ற பிள்ளை மட்டும் அந்தப் படத்தை விட்டு அசையவில்லை. தன் அம்மாவும் இப்படித்தான் அகப்பையோடு பங்கருக்கு ஓடிவந்தவ என்று அந்த இளைஞரிடம் மெதுவாகச் சொன்னாள். அவர் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

பொம்பர் போனதும் வந்த வழியே திரும்பிவிட்டோம். பண்ணையை ஒருவரும் காணவில்லை. ஆனால் அடுத்த வாரம் கல்விக் கந்தோர் அதிகாரிகளின் இன்ஸ்பெக்ஷன். முதல்நாள் எழுதியதைக் கட்டுரைக் கொப்பியில் படியெடுக்கச் சொன்னேன். போகாத பண்ணையில் வகுப்பு முழுவதும் கண்டு களித்தது. யசோ மட்டும் தன்பாட்டில் எழுதியிருந்தாள்: "அகப்பையோடு ஓடிவந்த அன்றைக்கு அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன். படத்தைப் பார்த்தபோதுதான் அம்மா எவ்வளவு பயந்திருப்பா என்று விளங்கியது."

அதை நான் இரண்டுதரம் வாசித்தேன். கொப்பிகளைப் பார்க்க வந்த அதிபர் அதை வாசித்துவிட்டுக் கொப்பியை மேசையில் எறிந்தார்.

"பண்ணைக்குப் போகேல்லை எண்டு கந்தோர்க்காரருக்குக் காட்டப்போறியளோ? உங்கடை கடிதத்திலை நான் இன்னும் கையெழுத்து வைக்கேல்லை, ரீச்சர்."

அந்தப் பக்கத்தை நானே கிழித்தேன். யசோ அழவில்லை. பண்ணைக் கட்டுரையை ஒரு பிழையில்லாமல் எழுதித் தந்தாள். சிவப்பு மையால் "மிக நன்று" என்று போட்டேன். அதிபர் கையெழுத்து வைத்தார். அந்த உத்தியோகத்தின் பென்ஷனில்தான் இன்று சாப்பிடுகிறேன்.

பிள்ளை பிழை விட்டால் திருத்தலாம். நான் செய்ததைத் திருத்த எனக்குத் தெரியவில்லை. அடுத்த தவணை, "எங்கள் வீடு" என்று தலைப்புக் கொடுத்து, விரும்பியபடி எழுதச் சொன்னேன். யசோ கொப்பியை விரித்து, பேனையைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

"நீங்கள் சொல்லுங்கோ ரீச்சர், நான் எழுதிறன்."