சடாமாஞ்சில் குடித்தவர்கள்

ஜெபகனியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை என் ஆயுசில் நான் பார்த்ததில்லை. தச்சநல்லூரில் என் ஜெராக்ஸ் கடையை ஒட்டித்தான் அவள் தள்ளுவண்டி நிற்கும். பஸ்காரன் கொஞ்சம் ஓங்கி ஹாரன் அடித்தால் கையில் இருக்கிற கிளாஸைப் போட்டு உடைப்பாள். வானம் லேசாகக் கறுத்தால் போதும், "அண்ணாச்சி, டேம்ல தண்ணி திறந்துட்டாங்களாமா?" என்று என் கடைக்குள் ஓடி வந்து நிற்பாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. விக்கிரமசிங்கபுரத்து மில் தொழிலாளியின் மகள். வாக்கப்பட்டது ஏரலில். புருஷன் போன பிறகும் அங்கேயே தையல் தைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தவளை, 2023 டிசம்பரில் வந்த வெள்ளம் இரண்டு நாள் அடுத்த வீட்டு மொட்டைமாடியில் பட்டினி போட்டு வைத்தது. கண் முன்னால் அவள் வீட்டுச் சுவர் கரைந்து ஆற்றோடு போனது. தம்பியை நம்பி இங்கே வந்தவளுக்கு நாலு மாதம் பொட்டுத் தூக்கம் கிடையாது.

பாளையங்கோட்டையில் ஒரு சித்த வைத்தியர்தான் சடாமாஞ்சில் வேரைக் கொடுத்திருக்கிறார். தண்ணீரில் கொதிக்க வைத்து, வடிகட்டி, பனங்கற்கண்டு போட்டுச் சாயங்காலம் குடிக்க வேண்டும். ஈரச் சாக்கு மாதிரி ஒரு வாடை அடிக்கும். எனக்குக் குமட்டும். அவளுக்கோ பத்தே நாளில் தூக்கம் வந்துவிட்டது. தனக்குக் கேட்டது ஊருக்கும் கேட்கட்டும் என்று வண்டி போட்டாள். சாயங்காலம் நாலு மணிக்கு வருவாள், ஏழு மணிக்கெல்லாம் தூக்குவாளி காலி.

தூக்க மாத்திரை, நரம்பு மாத்திரை எடுப்பவர்களுக்கு மட்டும் கொடுத்துவிடாதே என்று வைத்தியர் சொல்லி அனுப்பியிருந்தார். சொல்லிவிட்டாரா, போச்சு! வருகிற ஒவ்வொருவரையும், "மாத்திரை ஏதும் எடுக்கீயளா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கேட்பாள். ஆமாம் என்றால் சுக்குக் காப்பிதான். பெரும்பாலும் அவளுடைய வேதக்கோயில் பெண்கள்தான் கூட்டமாக வந்து குடிப்பார்கள். அத்தனை பேரும் "இல்ல இல்ல" என்பார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். ஆராதனைக்குப் போனவள் வெள்ளைச் சேலையும் கையில் வேதப்புத்தகமுமாக, காலில் செருப்பில்லாமல் ஓடி வருகிறாள்.

"அண்ணாச்சி, டார்லின் டீச்சர் கோயிலுக்கு வரல. போனும் எடுக்கல."

"ஒரு நாள் வரலன்னா என்னம்மா? மேலுக்குச் சொகமில்லாம இருக்கும்."

"இல்ல அண்ணாச்சி. ஞாயித்துக்கிழம அவங்க முன் பெஞ்சுல இல்லாம நான் பார்த்ததே இல்ல. நேத்து தூக்கமே வரலன்னு சொல்லி ரெண்டு கிளாஸ் வாங்கிக் குடிச்சாங்க."

திட்டிக்கொண்டேதான் ஸ்கூட்டரை எடுத்தேன். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து வழி காட்டினாள். டீச்சர் ரிட்டையர் ஆகித் தனியாக இருப்பவர். கேட்டில் பால் பாக்கெட் அப்படியே தொங்கியது. கதவு உள்தாழ்ப்பாள். சன்னல் வழியாகப் பார்த்தோம். கட்டிலில் வாய் திறந்தபடி மல்லாந்து கிடந்தார், ஒரு கை கீழே தொங்கியது. எத்தனை கத்தியும் அசைவில்லை.

"கொன்னுட்டேன் அண்ணாச்சி, நான் கொன்னுட்டேன்" என்று ஜெபகனி சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். யா அல்லாஹ், அந்த நிமிஷம் நானும் அப்படித்தான் நினைத்தேன். பின்கட்டுக் கதவை எட்டி உதைத்ததில் தாழ்ப்பாள் பெயர்ந்தது. உள்ளே போய்த் தொட்டால் உடம்பு சூடாக இருந்தது. மூச்சும் இருந்தது, ஆனால் உலுக்கி உலுக்கி எழுப்பியும் கண் திறக்கவில்லை. நான் 108-க்குப் போன் போட்டேன். ஆஸ்பத்திரியில் ஆதார் கேட்பார்களே என்று ஜெபகனி தலைமாட்டில் இருந்த பைபிள் உறையின் ஜிப்பைத் திறந்தாள். பாதி காலியான தூக்க மாத்திரை அட்டை ஒன்று விழுந்தது.

அவள் முகம் போன போக்கு எனக்கு அப்போது புரியவில்லை. ஆம்புலன்ஸ் பின்னால் போகும்போதுதான் சொன்னாள். போன மாதம் பெண்கள் கூட்டத்தில் டீச்சர் எழுந்து நின்று சாட்சி சொல்லியிருக்கிறார். கர்த்தர் எனக்குத் தூக்கம் தந்தார், மாத்திரையை எல்லாம் குப்பையில் போட்டுவிட்டேன் என்று. சபையே அழுததாம்.

ஆராதனை முடிந்ததும் பாதிரியாரின் மனைவி ஐயரம்மாவும் பத்துப் பெண்களும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்கள். டாக்டர் வெளியே வந்து, "இவங்க என்ன மாத்திரை எடுக்காங்க?" என்று கேட்டார்.

"டீச்சர் மாத்திரையே தொடமாட்டாங்க சார். இவ விக்கிற வேர்த்தண்ணியத்தான் குடிச்சாங்க" என்று ஒருத்தி ஜெபகனியைக் கை காட்டினாள். பத்து ஜோடிக் கண்ணும் அவள் மேல். அவள் கைக்குள் அந்த அட்டை கசங்கிக்கொண்டிருந்தது. காட்டினால் டீச்சரின் மானம் போகும். காட்டாவிட்டால் உயிரே போனாலும் போகும்.

"குடுத்துத் தொலையேன்" என்று பல்லைக் கடித்தேன்.

ஜெபகனி கையை விரித்தாள். "இத எடுத்திருக்காங்க சார். பைபிள் உறைக்குள்ள இருந்திச்சு" என்றாள். குரல் நடுங்கினாலும் எல்லோருக்கும் கேட்டது. டாக்டர் அதை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

முக்கால் மணி நேரம். ஜெபகனி ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பிறகு டாக்டர் வந்து, மாத்திரையும் வேரும் சேர்ந்து ஆளை அமுக்கிவிட்டது, இனி பயமில்லை, பைய முழித்துக்கொள்வார் என்றார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "படிச்ச பொம்பள! கேட்டா ஆமான்னு சொல்ல என்ன கேடு? இவ ஜெயிலுக்குப் போயிருப்பாளே!" என்று வராந்தாவிலேயே கத்தினேன். பெண்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். ஐயரம்மா மட்டும் நின்றார். ஜெபகனியின் முழங்கையைப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தியும் எனக்குக் கேட்டது.

"ஜெபகனி, நானும் அதே மாத்திரதான் எடுக்கேன். ரெண்டு வாரமா உன் டீயும் குடிக்கேன். எனக்கும் இப்படி ஆயிருமா?"

"இல்லன்னு சொன்னீயளேம்மா!"

"சபை ஆளுக எல்லாரும் பக்கத்துல நிக்கும்போது கேட்டா எப்படிம்மா சொல்லுவேன்?"

ஜெபகனி என்னிடம் திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. "அண்ணாச்சி, எல்லாரும்லா இல்லன்னு சொன்னாங்க. எத்தன பேர் பொய் சொன்னாங்களோ! போனைத் தாங்க, ஒவ்வொருத்தரா கேக்கணும்." நேற்றுக் குடித்தவர்களின் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "தினம் மைனிக்கு ஒரு கிளாஸ் வாங்கிட்டுப் போவியளே?"

மைனி என்று அவள் சொல்வது என் மனைவியை. எனக்குச் சிரிப்பு வந்தது. "ஸமீஹாவுக்கு என்ன மாத்திர? இருபத்தாறு வருசமா ஒரே வீட்டுல இருக்கோம், எனக்குத் தெரியாமலா?"

அவள் கேட்கவில்லை. என் போனிலேயே என் வீட்டுக்கு அடித்து ஸ்பீக்கரில் போட்டாள். "மைனி, நான் ஜெபகனி பேசுதேன். கோவிச்சுக்கிடாதீய. மாத்திர ஏதும் எடுக்கீயளா?"

அந்தப் பக்கம் டி.வி. சத்தம் நின்றது. பிறகு ஸமீஹாவின் குரல், நான் கேட்டே இராத ஒரு சின்னக் குரல்: "பக்கத்துல அவங்க நிக்காங்களா?"

ஜெபகனி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்ல மைனி, நான் தனியாத்தான் நிக்கேன். பயப்படாம சொல்லுங்க" என்றாள் ஜெபகனி.